ஆரக்கிளா, போஸ்ட்கிரெஸ்ஸா: டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஆக எதில் தொடங்கலாம்?

இரண்டுமே டேட்டாபேஸ் மென்பொருள்கள்தான். ஆரக்கிள் 1979-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வங்கி, டெலிகாம் மாதிரியான இடங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் யாரும் லேசில் கை வைப்பதில்லை என்பதால் வேலையும் நிலைக்கும். லைசென்ஸ் செலவுதான் கண்ணைக் கட்டும்.

போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. முழுக்க இலவசம். சொந்த லேப்டாப்பில் நிறுவி, வேண்டுமென்றே கெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பழகலாம். ஆரக்கிளிலும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அளவுக் கட்டுப்பாடுகளோடு.

தினசரி வேலையில் பெரிய வித்தியாசம் இதுதான்: ஒரு வரிசையைத் திருத்தினால் ஆரக்கிள் பழைய மதிப்பை 'அன்டூ' என்ற தனிப் பகுதியில் ஒதுக்கி வைக்கும். போஸ்ட்கிரெஸ் அதை டேபிளிலேயே விட்டுவிடும். அப்புறம் 'வேக்கூம்' என்ற துப்புரவு வேலை வந்து அதைக் கூட்டிப் பெருக்க வேண்டும். அதனால் ஆரக்கிளில் 'ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்' பிழையோடு (தேவைப்படும் பழைய மதிப்பு அன்டூவில் இல்லாமல் போனால் வருவது) மல்லுக்கட்டுவீர்கள், போஸ்ட்கிரெஸ்ஸில் பழைய வரிசைகள் சேர்ந்து வீங்கிய டேபிள்களோடு. (நேர்காணலில் இதைக் கேட்க நிறைய வாய்ப்பு உண்டு.)

சம்பளம்? அது அனுபவத்தைப் பொறுத்தது, விடுங்கள்.

நான் போஸ்ட்கிரெஸ்ஸைத்தான் சொல்வேன். ஆரக்கிள் பயன்படுத்தும் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதா? சரி, தயங்காமல் சேருங்கள். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் திட்டங்களில் இரண்டையும் அறிந்தவரைத்தான் தேடுவார்கள்.