டேக், எஸ்.இ.எம்., டி.ஜே.: மேக்னெட் பள்ளி எண்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகரின் ஓக் கிளிஃப் பகுதியில் டவுன்வியூ என்றொரு கட்டட வளாகம் இருக்கிறது. 1995 முதல் அதற்குள் சிறுசிறு மேக்னெட் பள்ளிகள் (ஒரு சிறப்புத் துறையை மையமாக வைத்து ஊர் முழுவதிலிருந்தும் மாணவரை ஈர்க்கும் அரசுப் பள்ளிகள்) பல இயங்குகின்றன. அவற்றில் இரண்டு வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தவை: தனித்திறன் மாணவர்களுக்கான 'டேக்', அறிவியல் பொறியியல் பள்ளியான 'எஸ்.இ.எம்.'. நியூஸ்வீக் இதழின் சிறந்த உயர்நிலைப் பள்ளிகள் பட்டியலில் 2006, 2007 இரண்டு ஆண்டும் டேக்தான் முதலிடம். யு.எஸ். நியூஸ் பட்டியலிலும் 2012 முதல் 2016 வரை அதுவே. 2020 முதல் 2022 வரை அந்த இடத்தில் இருந்தது வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி, சுருக்கமாக டி.ஜே. பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறார்கள். வைக்கலாம், ஆனால் எடைக்கல் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் அளவு. டி.ஜே.யில் 1,800-க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். டவுன்வியூ பள்ளிகளில் சில நூறு பேர்தான். ஒரு வகுப்பில் 60 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்றால் ஒரே ஒரு மாணவர் தவறினாலும் தேர்ச்சி சதவீதம் 1.7 புள்ளி இறங்கும். 450 பேர் என்றால் 0.2 புள்ளிதான். ஆகவே சிறிய பள்ளி ஓராண்டில் நான்கைந்து இடம் ஏறியது, இறங்கியது என்பதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

சூத்திரம் அதைவிட முக்கியம். அன்றைய நியூஸ்வீக் கணக்கு மிக எளிது: மாணவர்கள் எழுதிய ஏ.பி. போன்ற கல்லூரி நிலைத் தேர்வுகளின் எண்ணிக்கையை அந்த ஆண்டு பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையால் வகுப்பது. தேர்ச்சி பெற்றார்களா என்பது கணக்கிலேயே இல்லை! எல்லாரையும் தேர்வு எழுத வைக்கும் சிறு பள்ளிக்கு இது அல்வா. டி.ஜே. போன்ற கடும் போட்டிப் பள்ளிகளை அந்தப் பட்டியல் தனியே ஒதுக்கிவைத்தது. ஆக, 2006-இல் டேக் முந்தியது டி.ஜே.யை அல்ல.

இனி யார் படிக்கிறார்கள் என்பது. டாலஸ் மேக்னெட் பள்ளிகளின் வேர் நீதிமன்றத்தில் இருக்கிறது. இனப் பிரிவினையை எதிர்த்து 1970-இல் தொடுத்த டாஸ்பி வழக்கில் 1976-இல் வந்த தீர்வுத் திட்டத்தின் பகுதியாக இவ்வகைப் பள்ளிகள் பிறந்தன. நீதிமன்றக் கண்காணிப்பு முடிந்தது 2003-இல்தான். அந்த நோக்கத்தை வைத்து இன்று பார்த்தால் இரண்டில் எஸ்.இ.எம். நெருங்கி நிற்கிறது: ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களே அங்கு பெரும்பான்மை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். டேக்கிலும் எல்லா இனத்தவரும் உண்டு. ஆனால் டாலஸ் கல்வி மாவட்டம் முழுவதிலும் வெள்ளையர் சுமார் 5 சதவீதமே இருக்க, டேக்கில் அவர்கள் பங்கு அதைப்போலப் பல மடங்கு. ஒரே கட்டடம்தான், மாணவர் கூட்டம் ஒன்றல்ல. மதிப்பெண்ணில் டேக் சற்று மேலே தெரிந்தாலும், வறுமையைக் கணக்கில் எடுத்தால் எஸ்.இ.எம்.மின் சாதனையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டி.ஜே.யில் இந்தக் கேள்வி அப்பட்டமாக வெடித்தது. 2020 இறுதியில் நுழைவுத் தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இடம் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டே 550 பேருக்குச் சேர்க்கை. ஆசிய வம்சாவளியினர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. கறுப்பினத்தவர் 1-லிருந்து 7, ஹிஸ்பானியர் 3-லிருந்து 11. முன்பு ஒரு சதவீதம்கூட இல்லாத ஏழை மாணவர்கள் 25 சதவீதம் ஆனார்கள். பெற்றோர் அமைப்பு வழக்குத் தொடுத்து முதலில் வென்றது, 2023-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அதே 2024-இல் யு.எஸ். நியூஸ் பட்டியலில் டி.ஜே. 14-ஆம் இடத்துக்குச் சரிந்தது. "பார்த்தீர்களா, தரம் போச்சு" என்று நம்மவர்கள் உட்படப் பலர் கொதித்தார்கள். அந்தப் பட்டியல் எடுத்துக்கொண்டது 2021-22 கல்வியாண்டின் தரவு. அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பழைய நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர்கள். புது முறையில் வந்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தார்கள். பட்டியலில் 30 சதவீத எடை கொண்ட கல்லூரித் தயார்நிலை பன்னிரண்டாம் வகுப்பினரை வைத்தே போடப்படுகிறது. சரிவுக்குப் புதியவர்களைக் கைகாட்டுவது காலக்கணக்கிலேயே இடிக்கிறது. ஆசியக் குடும்பங்களின் மனத்தாங்கலில் நியாயமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, அது வேறு விவாதம்.

சரி, இத்தகைய பள்ளிகள் எவ்வளவு கற்றுக்கொடுக்கின்றன? நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பாஸ்டன், நியூயார்க் பள்ளிகளைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வு, கட்-ஆஃபுக்கு ஒரு இம்மி மேலே இருந்து உள்ளே போனவர்களையும் இம்மி கீழே நின்றுபோனவர்களையும் ஒப்பிட்டது. பின்னாளைய தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. மாறாக, 1996-இல் டாலஸின் பத்துப் பள்ளிகளில் தொடங்கிய ஏ.பி. ஊக்கத்தொகைத் திட்டம் தேர்ச்சி பெற்ற மாணவருக்கும் ஆசிரியருக்கும் பணம் கொடுத்தது. டெக்சஸில் அத்திட்டம் நடந்த பள்ளிகளில் கல்லூரிக்குப் போவோர் சுமார் 8 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள்.

என் பரிந்துரையைக் கேட்டால்: கணிதத்தில் பசியுள்ள, வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைக்கு எஸ்.இ.எம். வரலாறு, எழுத்து என்று பல பக்கம் அலைபாயும் பிள்ளைக்கு டேக். ஆய்வுக்கூட வசதியையும் கூட்டத்தையும் விரும்பினால் டி.ஜே., ஆனால் அதற்கு வடக்கு வர்ஜீனியாவில் குடியிருக்க வேண்டும். டாலஸை ஒட்டிய பிளேனோ, ஃப்ரிஸ்கோ ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் ஊர்கள் வேறு கல்வி மாவட்டங்கள், டாலஸ் பள்ளிகளில் அந்த மாவட்டத்தில் வசிப்போருக்கே முன்னுரிமை. தரவரிசையைப் பார்த்து வீடு மாறுவதற்கு முன், பள்ளிக்கு நேரில் போய், ஏ.பி. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் ஐந்துக்கு 3-ம் அதற்கு மேலும் வாங்கினார்கள், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு வரை தங்கினார்கள் என்று கேளுங்கள்.