"நான்கு பேரில் நீங்கள் செய்தது எது?": ஒரு மாதிரி நேர்காணல் சேவையைப் பயன்படுத்திப் பார்த்தபின்

படிப்பு முடிந்து முதல் வேலைக்கான நேர்காணல் அழைப்பு வந்தபோது என் கையில் 23 நாட்கள் இருந்தன. அதற்கு முன் நான் எந்த நேர்காணலிலும் உட்கார்ந்ததில்லை என்பதால், இணையவழியில் நடத்தப்படும் ஒரு மாதிரி நேர்காணல் பயிற்சிச் சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். இதே அமைப்பில் இன்று பல சேவைகள் இருக்கின்றன. அவற்றில் எந்தப் பகுதிக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதே சேரப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைப்பதால் இந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் வாங்கிய திட்டத்தில் மூன்று பகுதிகள் இருந்தன: கேள்வி-பதில் தொகுப்பு, கேமராவின் முன் பேசி மென்பொருளிடம் மதிப்பெண் பெறும் பயிற்சி, அனுபவமுள்ள ஒருவர் காணொலி அழைப்பில் 45 நிமிடம் நடத்தும் மாதிரி நேர்காணல் இரண்டு முறை. கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்தது மூன்றாவது பகுதியில்தான். அதிலும் முதல் முறையில்தான்.

கேள்வி-பதில் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'உங்கள் பலவீனம் என்ன' என்ற கேள்விக்கு, 'எதையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்' என்று மாதிரி விடை கொடுத்திருந்தார்கள். பலவீனத்தைக் கேட்டால் பலத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கும் இந்த விடையை, கேட்கிற இடத்தில் இருப்பவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்பதை நினைத்தாலே அதை மனப்பாடம் செய்யும் ஆசை போய்விடும். கேள்விகளை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு விடைகளை மூடி வைத்தேன்.

இரண்டாவது பகுதி அப்படி ஒதுக்கிவிடக்கூடியது அல்ல, ஆனால் அதன் பயன் அவர்கள் விளம்பரப்படுத்துகிற இடத்தில் இல்லை. திரையில் ஒரு கேள்வி தோன்றும். யோசிக்க முப்பது விநாடி, பேச இரண்டு நிமிடம். பேசி முடித்ததும் குரல், முகபாவம், பார்வை, 'தன்னம்பிக்கை' என்று நான்கு தலைப்புகளில் மதிப்பெண் வரும். முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்து வருந்தினேன். மூன்றாம் நாளன்று, முதல் நாள் பதிவை ஒலியோடு முழுவதும் கேட்டேன். அதன்பின் மதிப்பெண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு நான் பேசிய இரண்டு நிமிடத்தில் 'வந்து' என்ற சொல் 17 முறை வந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறி, நான் எதிரே இருப்பவரிடம் அனுமதி கேட்பதுபோல ஒலித்தது. என் குரலில் இப்படி ஒரு பழக்கம் இருப்பதை இத்தனை ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை, நானும் கவனித்ததில்லை. பத்து நாள் பயிற்சிக்குப் பின் அந்த 17 ஐந்தாகக் குறைந்தது. உண்மையைச் சொல்வதானால், இதற்குக் கைப்பேசியில் உள்ள பதிவுச் செயலியே போதும்; பணம் தேவையில்லை.

மதிப்பெண்ணை நான் நம்பாமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. ஒரே விடையை, ஏறத்தாழ ஒரே சொற்களில், ஒருமுறை சன்னலுக்கு முதுகைக் காட்டியும் மறுமுறை மேசை விளக்கை முகத்துக்கு நேராக வைத்தும் பேசிப் பார்த்தேன். 'தன்னம்பிக்கை' 61 இலிருந்து 74 ஆக உயர்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தைரியம் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்வதா? இது என் ஒருவரின் அனுபவம் மட்டுமல்ல. ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள் 2021 இல் இத்தகைய மென்பொருள் ஒன்றைச் சோதித்தபோது, கண்ணாடி அணிந்தாலும் பின்னணியில் புத்தக அலமாரியை வைத்தாலும் அது கணிக்கும் ஆளுமை மாறுவதைக் காட்டினார்கள். காணொலி நேர்காணல் துறையின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஹயர்வியூ, முகத்தை ஆராய்ந்து மதிப்பிடும் முறையைக் கைவிட்டதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, பணியிடத்தில் மனிதரின் உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது. இவ்வளவுக்குப் பின்னும் பயிற்சிச் சேவைகள் அந்த மதிப்பெண்ணையே முகப்பில் தூக்கிப் பிடிப்பது வியப்பாக இருக்கிறது. விளக்கை மட்டும் நான் அதே இடத்தில் விட்டுவைத்தேன். முகம் தெரிந்தால் பேசுகிறவரை எதிரே இருப்பவர் எளிதாகப் பின்தொடர முடியும்.

இனி, மாதிரி நேர்காணல். முதல் முறை என்னை நேர்கண்டவர் பல ஆண்டுகள் ஆள்தேர்வில் இருந்தவர் என்று குறிப்பில் இருந்தது. கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கேட்டபின் அதற்கு நேராக எதையோ குறித்துக்கொண்டார். சிரித்துப் பேசி இறுக்கத்தைத் தளர்த்துவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது சற்றுக் கடுமையாகப் பட்டது. நேர்காணலுக்குப் பின் அதைக் கேட்டபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்கும் முறைக்குத்தான் நிறுவனங்கள் அதிகமாக மாறிவருகின்றன, அதற்குப் பழகுவது நல்லது என்றார். இதை நானும் தேடிப் படித்தேன். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 1998 இல் வெளியிட்ட கணக்கில், நேர்காணலில் பெற்ற மதிப்புக்கும் பின்னர் வேலை செய்யும் திறனுக்கும் உள்ள தொடர்பு, இப்படி வரையறுத்த நேர்காணலில் 0.51, மனம்போனபடி கேட்கும் நேர்காணலில் 0.38 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). பால் சாக்கெட் குழுவினர் 2022 இல் மறுகணக்கிட்டபோது முதல் எண் 0.42 ஆகக் குறைந்தது. ஆனாலும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் அதுவே முதலிடத்தில் நின்றது. ஆகவே, 'நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்று தொடங்கும் கேள்விகளுக்குத் தயாராவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கல்லூரி இறுதியாண்டில், நூலகப் புத்தகங்கள் தாமதமாகத் திரும்புவதைப் பற்றி நாங்கள் ஒரு ஆய்வு செய்திருந்தோம். "தரவுகள் சேகரிக்கப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, அட்டவணைகள் தயாரிக்கப்பட்டன" என்று ஆண்டறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லி முடித்தேன்.

"யாரால்?" என்றார்.

"எங்கள் குழுவால், மேடம்."

"குழுவில் எத்தனை பேர்?"

"நான்கு பேர்."

"நான்கு பேரில் நீங்கள் செய்தது எது?"

எனக்கு வாயடைத்துப் போனது. அவரும் எடுத்துக்கொடுக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து, பதிவேட்டில் ஒரே மாணவரின் எண் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததையும், அதனால் ஒருவர் மூவராக எண்ணப்பட்டதையும், ஒரு வார இறுதி முழுவதும் உட்கார்ந்து அவற்றை ஒன்றாகச் சேர்த்தது நான்தான் என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்?" என்றார். நான் அடக்கம் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்த 'நாங்கள்', கேட்பவருக்கு என்னை மறைக்கும் திரையாக இருந்திருக்கிறது. 'செய்யப்பட்டது' என்ற வினையோ அதைவிட மோசம். அதில் ஆளே இல்லை.

நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்று விடையை நான்காகப் பிரிக்கும் 'ஸ்டார்' முறையை எல்லாப் பயிற்சிகளும் சொல்லித்தருகின்றன. நானும் அதைப் பின்பற்றியதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் என் பதிவை ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்: இரண்டு நிமிட விடையில் நூலகத்தின் வரலாற்றுக்கும் ஆய்வின் நோக்கத்துக்கும் 80 விநாடி, நான் செய்த வேலைக்கு 15 விநாடி. அந்த அளவைத் திருப்பிப் போடுவதுதான் அடுத்த வாரம் முழுவதும் என் பயிற்சியாக இருந்தது. கடைசியில், 'எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா' என்றதற்கு 'இல்லை' என்று சொன்னதையும் அவர் விடவில்லை. சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் என்ன வேலை இருக்கும், அதை யார் பார்வையிடுவார்கள் என்று கேட்பது விடை தெரிந்துகொள்வதற்காகவே இருக்க வேண்டும், கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக அல்ல என்றார்.

இரண்டாவது முறைக்கும் அவரையே கேட்டிருந்தேன். வேறொருவரை அனுப்பினார்கள், அதற்கும் முன்பு இரண்டு முறை நேரத்தை மாற்றினார்கள், ஒருமுறை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. வந்தவர் கேள்வித் தொகுப்பில் இருந்ததையே வரிசையாக வாசித்தார். நான் என்ன சொன்னாலும் 'மிக நன்று' என்றார். எழுத்துமூலக் கருத்துரை 48 மணி நேரத்தில் வரும் என்பது ஒப்பந்தம். நான்காம் நாள் வந்தது, அதிலும் பாதி வாக்கியங்கள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துபவை. யார் நேர்காணப் போகிறார் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய முடியாத சேவையில் இரண்டாவது அமர்வுக்குப் பணம் கட்ட நான் இனி யோசிப்பேன்.

இதைவிடப் பெரிய குறை, உண்மையான நேர்காணலில்தான் தெரிந்தது. எதிரே மூன்று பேர். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று தொடங்கினார்கள், 'வந்து' வரவில்லை. ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள். மாணவர் எண்ணிலிருந்து தொடங்கினேன், மூவரில் ஒருவர் அதிலேயே இரண்டு கேள்விகள் மேற்கொண்டு கேட்டார். அதன்பின் இடப்பக்கம் இருந்தவர் என் தன்விவரக் குறிப்பில் விரலை வைத்து, "புள்ளியியல் மென்பொருளில் தேர்ச்சி என்று போட்டிருக்கிறீர்கள். தேர்ச்சி என்றால் எந்த அளவு?" என்றார். ஒரு பருவத்தில் பாடமாகப் படித்ததைத் தேர்ச்சி என்று எழுதியிருந்தேன். அதை அப்படியே ஒப்புக்கொண்டு, அதில் எந்தெந்த வேலைகளைத் துணையின்றிச் செய்ய முடியும் என்று சொல்லி ஒருவாறு சமாளித்தேன். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரக்கூடும் என்பதை அந்தச் சேவையில் ஒருவரும் சொல்லவில்லை. குறிப்பைப் பதிவேற்றச் சொன்னார்களே தவிர, இரண்டு அமர்விலும் அதை யாரும் திறந்து பார்க்கவே இல்லை.

ஆகவே சேர நினைப்பவர்கள், கிடைத்தால் ஒரே ஓர் அமர்வு மட்டும் உள்ள திட்டத்தை வாங்கலாம். அதற்கு முன் தன்விவரக் குறிப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, வரிக்கு வரி 'இது என்ன?' என்று கேட்கச் சொல்லலாம். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைத்திருக்கிறார்கள். அதை நீக்கிவிட வேண்டும். நான் பேசிய 40 பதிவுகளையும் அழிக்கும்படி கேட்டு எழுதியதற்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அழித்துவிட்டார்களாம், ஆனால் இன்று காலை உள்நுழைந்து பார்த்தபோதும் முதல் நாள் பதிவு, 17 'வந்து'வோடு, அங்கேயேதான் இருக்கிறது.