டெனார் குரலுக்கு ஓபராவா, கச்சேரி மேடையா?

நான் டெனார், அதாவது உயர்ந்த ஸ்தாயி ஆண் குரல். ஜெர்மனியில் ஓர் ஓபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) அரங்கில் இரண்டு சீசன் மாதச் சம்பளத்துக்குப் பாடினேன். இப்போது ஒன்பது வருடமாகக் கச்சேரி மேடை மட்டும்தான், வேஷமும் நடிப்பும் இல்லாமல்: பாக், ஹாண்டல், ஷூபர்ட் ஆகியோரின் இசை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

பணத்திலும் புகழிலும் ஓபராதான் மேல். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கச்சேரிக்காரனுக்கு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தைய வாரங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. கோடையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஜலதோஷம் பிடித்தால் அன்றைய பணம் போச்சு.

என் மனத்தை மாற்றியது குரல் பராமரிப்பு. ஓபராவில் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி, மைக் இல்லாமல், கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். அதற்காகக் கத்த வேண்டியதில்லை. நன்றாகப் பயின்ற குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை சேரும். வாத்திய ஓசை அங்கே மெலிந்திருப்பதால் குரல் தனியாகக் கேட்டுவிடும். சிக்கல் வேறு இடத்தில். என்ன பாடுவது என்பதை அரங்கம்தான் முடிவு செய்யும். திங்களன்று மொசார்ட், வியாழனன்று ஓபரெட்டா என்ற இலகுவான ஓபரா, நடுவில் வெர்டி ஒத்திகை: ஒவ்வொன்றுக்கும் குரலை வேறு மாதிரி மாற்ற வேண்டும். இரண்டாம் சீசன் முடிவில் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் உரக்கப் பாடினால்தான் வந்தன. மெதுவாகப் பிடித்தால் உடைந்தன. அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன்.

மத்தேயு சுவிசேஷப்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் மத்தேயு பாஷனில், இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுகிற இடம் இருக்கிறது. கதை சொல்லும் சுவிசேஷகனாகப் பாடும் டெனாருக்குத் துணை ஒரு செல்லோவும் ஆர்கனும்தான். அழுகையைச் சொல்லும் அந்தச் சில சொற்களில் குரல் உச்சிக்குப் போய், வளைந்து வளைந்து இறங்க வேண்டும். களைத்த குரலுக்கு அங்கே ஒளிய இடமில்லை. அந்த வரிக்காகத் தினமும் மெதுவாகப் பாடிப் பழகியதில்தான் என் குரல் திரும்பி வந்தது.

ஜெர்மன் டெனார் பீட்டர் ஷ்ரையர் 1935-இல் பிறந்தவர். 2000-இல் ஓபரா மேடையிலிருந்து விலகினார். அப்புறமும் கச்சேரிகளில் பாடி, 2005 டிசம்பரில் பிராகில் பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோவில் (நடிப்பில்லாமல் பாடப்படும் பக்திக் கதை) இசைக்குழுவை நடத்திக்கொண்டே சுவிசேஷகனாகவும் பாடி நிறைவு செய்தார். எழுபது வயது! சரி, புகழ்பெற்ற இத்தாலிய ஓபரா டெனார் பவரோட்டி பிறந்ததும் 1935-தான். 2004 வரை ஓபரா பாடினாரே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எதைப் பாடுவது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர் இருந்தார். மாதச் சம்பளப் பாடகனுக்கு அது வாய்ப்பதில்லை.

என் குரல் மெல்லிய ரகம். வாக்னரின் ஓபராக்களைப் பாடும் கனத்த குரல் டெனார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நடிப்பில் தீராத ஆசை உள்ளவர்களுக்கும் கச்சேரி மேடை போதாது.

இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் இளையவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஓபரா பாடிய மறுநாள் காலை, அந்தப் பேதுரு வரியை மெதுவாகப் பாடிப் பாருங்கள். வந்தால் அரங்கிலேயே இருங்கள்.