நோர்வேயின் சமாதான அனுசரணை: சாவகச்சேரிக் கடைக்காரன் ஒருவனின் மதிப்பீடு

2002 முதல் 2008 வரை இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவில் நின்று நோர்வேத் தூதர்கள் எங்களுக்குச் செய்த சேவையைப் பற்றி அரசியல் ஆய்வாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தை வன்னி வழியாகத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியோரம், சாவகச்சேரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் நானும் எழுதுகிறேன்.

முதல் பாராட்டு அந்தப் பாதைக்குத்தான். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிந்து கிடந்தது. பாதை மூடிக் கிடந்ததால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில்தான் வரும். கப்பல் பிந்தினால் சீனி, மா விலை ஏறிவிடும். 2002 பெப்ரவரியில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் ஆளையாள் சந்திக்காமலே போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். தாளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தது நோர்வேக்காரர். ஏப்ரலில் பாதை திறந்தது. ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றாலும் லொறி வந்தது. சீமெந்து வந்தது, ஆட்கள் கூரை போட்டார்கள். வன்னியைக் கடக்கப் புலிகளுக்கு வரி கட்டவேண்டியிருந்தது, அது வேறு கதை. ஆனாலும் நோர்வேத் தூதர்கள் எரிக் சொல்ஹெய்மும் விதார் ஹெல்கிசனும் கொழும்புக்கும் புலிகளின் கிளிநொச்சிக்கும் அலைந்ததால் கிடைத்த மூச்சு அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பேச்சுவார்த்தை மேசை பற்றி அதிகம் சொல்ல இல்லை. தாய்லாந்து, ஒஸ்லோ, பேர்லின், யப்பான் என்று ஆறு சுற்று நடந்தது. 2003 ஏப்ரலில் புலிகள் விலகினார்கள். ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டொலர் உதவி தருவதாக நாடுகள் சொன்னபோது அவர்களுடைய கதிரை காலி. முஸ்லிம் மக்களுக்கோ தனிக் கதிரையே வைக்கவில்லை. அது பெரிய பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு உண்மையில் மனம் நோவது போர்நிறுத்தத்தை யார் மீறுகிறார்கள் என்று பார்க்க வந்த கண்காணிப்புக் குழுவை நினைத்தால்தான். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டு ஆட்கள், ஆயுதமில்லாமல் வந்தவர்கள். பிள்ளையைப் புலிகள் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று முறையிடத் தாய்மாருக்கு ஒரு வாசல் இருந்தது. குழு விசாரிக்கும், மீறல் என்று பதியும். அதற்கப்புறம்? பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவர அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. புலிகளின் மீறல் மூவாயிரத்துக்கு மேல், அரசாங்கத்தின் மீறல் முந்நூறுக்கு மேல் என்று கணக்கு மட்டும் வளர்ந்தது. புலிகளின் கணக்கில் சிறுவர் சேர்ப்புத்தான் அதிகம்.

இதற்கு ஆட்களைக் குறை சொல்லமுடியாது, ஏற்பாட்டைத்தான் சொல்லவேண்டும். தூது போனதும் நோர்வே, கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவரை நியமித்ததும் நோர்வே. தூது போகிறவர் இரண்டு பக்கமும் முகம் கோணாமல் நடக்கவேண்டும். தீர்ப்புச் சொல்கிறவர் முகம் கோணினாலும் சொல்லவேண்டும். இரண்டையும் ஒரே நாட்டின் தலையில் கட்டியிருக்கக் கூடாது.

முகம் பார்க்காமல் சொன்னவரும் இருந்தார். 2006 ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று குழுவின் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் அறிவித்தார். அரசாங்கம் மறுத்தது. அவர் சுவீடன்காரர். ஐரோப்பிய ஒன்றியம் தங்களைத் தடைசெய்ததால் அதன் உறுப்பு நாட்டு ஆட்கள் செப்டெம்பருக்குள் வெளியேறவேண்டும் என்று புலிகள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அவரும் போய்விட்டார். நோர்வே, ஐஸ்லாந்து ஆட்கள்தான் மிஞ்சினார்கள். அதே ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது, எங்கள் கடைத் தட்டுகளும் காலியாகின. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையை விட்டு விலகியதும் குழுவும் கிளம்பியது. அதற்குப்பின் வன்னியில் நடந்ததைப் பதிய அந்தக் கணக்குப் புத்தகம்கூட இல்லை.

இன்னொரு நாட்டுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேனா? பரிந்துரைப்பேன், தூதுக்கு மட்டும். கண்காணிப்பை வேறொருவரிடம் கொடுங்கள். அவர்கள் மீறல் என்று சொன்னபின் அடுத்த படி என்ன, அதை யார் செய்வார் என்பதை ஒப்பமிட முன்னரே தாளில் எழுதி வாங்குங்கள்.