‘ராஜராஜன் காசு, வைகையில் கிடைத்தது’ என்று யாராவது லாட் போட்டால்…

பழங்காசு வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு லாட் (சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் காசுகள்) சுற்றிக்கொண்டிருக்கிறது. “ராஜராஜன் செப்புக்காசு, 5 எண்ணம், வைகை மணலில் கிடைத்தது, கேரண்டி.” விலை 4,500 ரூபாய். நான் வாங்கினேன். வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படத்தில் ஐந்துமே தேய்ந்து, களிம்பேறி, அசலாகத்தான் தெரிந்தன. பார்சல் வந்ததும் நகைக்கடை லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் உட்கார்ந்த அரசன். அதுவரை சரி. ஆனால் இரண்டு காசுகளில் நிற்கும் அரசனின் முழங்கைக்குக் கீழே ஒரே மாதிரிச் சின்னக் குழி. அதை ஒட்டிச் சாய்வாக ஒரு கீறல், அதுவும் இரண்டிலும். ஒரே அச்சில் அடித்த காசுகளில் உருவம் ஒத்துப்போகும். புழங்கித் தேய்ந்த தேய்மானமும் அடிபட்ட வடுவும் எப்படி ஒத்துப்போகும்? தேய்ந்த அசல் ஒன்றை வைத்து அச்செடுத்து, உருக்கி வார்த்தவை அவை. விளிம்பில் அரம் போட்ட தடம், பரப்பில் ஊசிமுனைத் துளைகள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததும் ‘ஆயிரம் வருடக் களிம்பு’ பச்சையாகப் பஞ்சுக்கு வந்துவிட்டது. மண்ணுக்குள் கிடந்து இறுகிய களிம்பு அவ்வளவு சுலபத்தில் விடாது.

மீதி மூன்றும் அசல்தான், ஆனால் ராஜராஜன் பேரைச் சொல்ல வழியில்லை. ராஜராஜன் இலங்கையின் வடபகுதியைப் பிடித்தபின் அவன் காசின் வடிவம் அங்கே ஊன்றிவிட்டது. பிறகு பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன் எல்லோரும் அதே நிற்கும் உருவத்தையும் உட்கார்ந்த உருவத்தையும் வைத்தே காசு அடித்தார்கள். யாருடையது என்று சொல்வது உட்கார்ந்த உருவத்தின் பக்கத்தில் இருக்கும் நாகரி எழுத்துதான். ராஜராஜன் காசென்றால் ரா, ஜ இரண்டும் இருமுறை வரவேண்டும். எனக்கு வந்த ஒன்றில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ‘சாகச மல்ல’ என்று படிக்க முடிகிறது. அவன் ஆட்சிக்கு வந்தது 1200இல், ராஜராஜன் மறைந்து 180 ஆண்டுக்கு மேல் கழித்து! மற்ற இரண்டில் எழுத்தே இல்லை, மழுங்கிவிட்டது. அவற்றுக்கும் லேமினேட் செய்த அட்டை, ‘முதலாம் ராஜராஜன், கி.பி. 985–1014’ என்று. எழுத்து தேய்ந்த காசுக்கு இவ்வளவு துல்லியமாகப் பேர் எழுதுகிற ஆளைக் கண்டால் பர்ஸை மூடிவிடுங்கள்.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில், “தேய்ஞ்ச காசுல இதெல்லாம் சகஜம்ணே” என்றார். அப்புறம், பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். அப்புறம் பிளாக்.

வைகைக் கதையும் இடிக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்து எடுத்தது நிஜமென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். குரூப்பில் விற்கிறவரோ மணலில் கிடைத்தது என்பதையே பெருமையாகச் சொல்கிறார். இதே ஆள் ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘1818 கம்பெனி ஒரு அணா’வும் வைத்திருக்கிறார், காந்தம் மாதிரி அரிசியை இழுக்குமாம், லட்சத்தில் பேசுகிறார். ஒரு அணா என்று தனி நாணயம் புழக்கத்துக்கு வந்ததே எட்வர்ட் மன்னர் காலத்தில், 1907ஆம் ஆண்டு பொறித்து, அதுவும் செம்பு நிறத்தில் அல்ல, வெள்ளை நிற நிக்கல் கலவையில். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

யாரிடம் வாங்கினாலும் பணம் போடும் முன் தராசில் வைத்த படம், விளிம்பின் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தின் படம், மூன்றையும் கேளுங்கள். என்னிடம் வந்தது மேலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் மட்டும்தான்.

சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இந்த லாட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் உங்கள் காசில் முழங்கைக்குக் கீழே அந்தக் குழியும் கீறலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.