வன்னியில் ஆங்கில விடுமுறை: வகுப்பை விட அரிசி ஆலையில்தான் படிப்பு

அயர்லாந்துக்கும் மால்ற்றாவுக்கும் தொழில்முறை ஆங்கிலம் படிக்கப் போகிறவர்கள் அந்த ஊர்க் குடும்பமொன்றோடு தங்குவார்கள். காலையில் வகுப்பு, பின்னேரம் கடையும் அலுவலகமும். படலையைத் தாண்டினாலும் ஆங்கிலம் காதில் விழும். அதே முறையில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் ஆட்களை வீட்டில் தங்கவைத்து, உள்ளூர்த் தொழிலிடங்களில் ஆங்கிலம் பழக்கும் ஒரு வார வதிவிடப் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்பீடு. விசாவும் விமானச் சீட்டும் தேவையில்லை. ஆனால் இங்கே படலையைத் தாண்டினால் தமிழ். இந்த வித்தியாசத்தை நடத்துபவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை வைத்தே பயிற்சி நல்லதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

'தமிழ் கதைத்தால் தண்டம்' என்று விதி போடும் இடங்களுக்குப் போகவேண்டாம். அங்கே ஆங்கிலம் வளராது, ஆட்கள் வாயை மூடிக்கொள்வதுதான் நடக்கும். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஆங்கிலம் கதைத்தால் எடுப்புக் காட்டுகிறான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் எங்கள் ஊர்களில் நன்றாகவே இருக்கிறது. அதைத் தண்டத்தால் போக்க முடியாது. நல்ல ஏற்பாடு இடத்தைப் பிரித்துவிடுகிறது. குசினியிலும் முற்றத்திலும் வீட்டுக்கார அன்ரியோடு தமிழ். பயிற்சி மேசையிலும் தொலைபேசியிலும் எழுத்திலும் ஆங்கிலம். சுகயீனம், சாப்பாடு, வீட்டுக்கு எடுக்கும் அழைப்பு எதுவும் இந்த விதிக்குள் வராது.

வன்னியில் எல்லாரும் தமிழ் கதைக்கும்போது ஆங்கிலம் எங்கேயிருந்து வரும்? தொழிலிடங்களுக்குள் அது ஏற்கனவே இருக்கிறது. இயந்திரத்தோடு வந்த கைநூல், கொழும்புக் கடைக்குப் போகும் கொட்டேசன் கடிதம், வங்கிப் படிவம், கனடாவில் இருக்கும் வாடிக்கையாளர் அனுப்பும் வட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆங்கிலம். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சிங்களம் தெரியாத கிளிநொச்சி ஆலைக்காரரும் தமிழ் தெரியாத கொழும்பு உதிரிப்பாகக் கடைக்காரரும் தொலைபேசியில் கதைக்கும்போது அது உண்மையாகவே இணைப்பு மொழிதான். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வசனம், மெதுவான பேச்சு. படிக்கத் தொடங்குகிறவருக்கு இலண்டன்காரரின் வேகப் பேச்சை விட இந்த ஆங்கிலம் பயன் கூடியது.

இடங்களில் முதலிடம் அரிசி ஆலைக்குத்தான். அங்கே சொல்லிக் காட்ட ஒரு முழு வரிசை வேலை இருக்கிறது. நெல் வருகிறது, ஈரப்பதன் மானியில் அளக்கிறார்கள், கல்லும் பதரும் நீக்குகிறார்கள், உமி போகிறது, தீட்டுகிறார்கள், குறுணி பிரிகிறது, பையில் நிரப்பித் தைக்கிறார்கள். இந்த வரிசையை வெளியூரிலிருந்து வந்த கொள்வனவாளர் ஒருவருக்கு விளக்குவதுபோல ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்வது முதல் நாள் வேலை. படிகளை ஒப்புவித்தால் போதாது, காரணமும் வரவேண்டும். களஞ்சியப்படுத்தும் நெல்லில் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிக் காய்ந்து வெடித்த நெல் தீட்டும்போது உடைந்து குறுணி கூடும். உமி நீக்கியின் இரண்டு றப்பர் றோலர்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அந்த வேக வித்தியாசம்தான் உமியை உரிக்கிறது. இடைவெளி நெருங்கினால் அரிசி உடையும், கூடினால் உமியோடு நெல் திரும்பி வரும். 'இப்படிச் செய்தால் இப்படியாகும்' என்ற வசன அமைப்பைப் பயிற்சிப் புத்தகத்தில் நூறு தரம் எழுதுவதை விட இங்கே நின்று பத்துத் தரம் சொன்னால் வாயில் நிற்கும்.

ஆலையில் ஒரு சிக்கல் சத்தம். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதைப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் வீண். முதலில் பார்த்துவிட்டு, தராசு இருக்கும் அறைக்கோ வெளி விறாந்தைக்கோ வந்துதான் விளக்கவேண்டும். தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். இழைப்பு உள்ளவர்கள் ஆலையைத் தவிர்த்து வேறு இடம் கேட்கலாம்.

இரண்டாவது வேலை உதிரிப்பாகம் கேட்டு மின்னஞ்சல் எழுதுவதும், அதையே தொலைபேசியில் கேட்பதும். மின்னஞ்சலில் இருக்கவேண்டியவை இயந்திரத்தின் மாதிரி இலக்கம், பாகத்தின் இலக்கம், எத்தனை தேவை, எந்தத் திகதிக்குள், எங்கே அனுப்பவேண்டும், கொடுக்கும் விலை எவ்வளவு நாளுக்குச் செல்லும் என்பவை. பொருள் வரியில் பாகத்தின் பெயரும் இலக்கமும் போதும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. பள்ளிக்கூடத்தில் பழகிய நீண்ட வணக்க வரிகளை இந்தப் பயிற்சி வெட்டித் தள்ளுகிறது. அது மிகச் சரியான முடிவு.

தொலைபேசியில்தான் காசு போகும் பிழைகள் வரும். இயந்திரத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் 6204 பெயரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 20 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 47, அகலம் 14. ஒரு இலக்கம் மாறி 6205 என்று காதில் விழுந்தால் 25, 52, 15 அளவில் பெயரிங் வரும். தண்டில் நிற்காது. பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் றப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. உமித்தூசி பறக்கும் இடத்துக்கு றப்பர் மூடிதான் நல்லது.

எண்களில் 15உம் 50உம் பெரிய பொறி. 15இல் அழுத்தம் கடைசி அசையில், 50இல் முதல் அசையில். அழுத்தம் தவறினால் எதிர்ப்பக்கம் ஊகிக்கத்தான் வேண்டும். அதனால் எண்ணை ஒருதரம் முழுதாகச் சொல்லி, பிறகு 'ஒன், ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லப் பழக்குகிறார்கள். எழுத்துகளிலும் இதே கஷ்டம். தமிழ்க் காதுக்குப் பேப்பரின் முதலெழுத்தும் பஸ்ஸின் முதலெழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ரிக்கெற், டொக்டர் இரண்டும் அப்படித்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லும், விமானிகள் பயன்படுத்தும் பிராவோ, பாப்பா, டெல்ரா, ராங்கோ முறையை ஒரு பின்னேரத்தில் பாடமாக்கலாம். கடைசியில் எதிர்ப்பக்கத்தைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் அழைப்பை வைக்கக்கூடாது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே ஒரு வாரம் செலவழிக்கலாம்.

விருந்தினர் விடுதி பார்க்க வசதியான இடமாகத் தெரியும், ஆனால் பலன் குறைவு. வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர், ஊழியர்களும் தமிழில்தான் பதில் சொல்வார்கள். விதிவிலக்கு யூலை, ஓகஸ்ட். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளைகள் பெற்றோரோடு வரும் காலம் அது. அப்போது முன்மேசையில் நின்றால் வேகமான இயல்பான ஆங்கிலம் காதுக்குக் கிடைக்கும். மீன் ஏற்றுமதிக்கான குளிர் அறைகளில் எடை, வெப்பநிலை, பொதி எண்ணிக்கை எழுதும் பழக்கம் வரும். பேச்சுப் பழக்கம் வராது.

இரவில் நடக்கும் திருத்தம்தான் மற்ற ரியூஷன்களிலிருந்து இந்தப் பயிற்சியைப் பிரித்துக் காட்டுகிறது. பகலில் பதிந்த ஒலியை ஆளுக்கு இரண்டு நிமிடம் போட்டுக் கேட்டு, மூன்று பிழையை மட்டும் எடுக்கிறார்கள். இருபது பிழையைக் காட்டினால் அடுத்த நாள் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரும்பாலும் பிடிபடுவது 'யெஸ்ரடே' என்று சொல்லிவிட்டு 'ஹாவ் சென்ற்' போடுவது. 'நேற்று' வந்தால் வினை சாதாரண இறந்தகாலத்தில் இருக்கவேண்டும். அந்த மூன்றும் அடுத்த நாள் வேலை அட்டையில் தலைப்பில் வரும். இந்த இரவு அமர்வு இல்லாத பயிற்சிக்குக் காசு கட்டுவது வெறும் சுற்றுலாவுக்குக் கட்டுவதுதான்.

ஓ.எல். ஆங்கிலம் படித்து, வாசித்தால் விளங்கும், கதைக்க வராது என்ற நிலையில் உள்ளவர்களுக்கே இது சரி. ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ2 என்ற அடிப்படை நிலைக்கும் பி1 என்ற நடுநிலைக்கும் இடைப்பட்டவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வாரம் போதாது, அவர்கள் முதலில் ஊர் ரியூஷனுக்குப் போகட்டும். ஐஈஎல்ரிஎஸ் என்ற சர்வதேச ஆங்கிலப் பரீட்சையின் புள்ளிக்காக வருகிறவர்களும் ஏமாறுவார்கள். அந்தப் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம், அதன் கேள்வி முறைக்குத் தனியாகப் பழகவேண்டும்.

காலத்தையும் பார்த்துப் பதியவேண்டும். காலபோக அறுவடை நாட்களில் ஆலைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இராது. அந்த நேரத்தில் ஆட்களை அனுப்பும் நடத்துனர் ஆலையைப் பற்றி யோசிக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டில் கடைகள் பூட்டு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் பஸ்ஸிலும் அறையிலும் இடம் கிடையாது.

பதியுமுன் நாலு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். ஒரு தொழிலிடத்துக்கு எத்தனை பேர்? மூன்றுக்கு மேல் என்றால் ஒருவர் கதைக்க மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டணத்தில் தொழிலிடக்காரருக்கு என்ன போகிறது? ஒன்றும் இல்லையென்றால் இரண்டாம் நாளே உங்களுக்கு மூட்டை தூக்கும் வேலைதான் மிஞ்சும். பெண்களுக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும் தனி ஏற்பாடா? முடிவில் தருவது வெறும் பங்குபற்றல் சான்றிதழா? அது நேர்முகத்தேர்வில் எடுபடாது. என்ன வேலையை ஆங்கிலத்தில் செய்தார், எத்தனை கடிதம் எழுதினார், எந்த அழைப்புகளைக் கையாண்டார் என்று தொழிலிடக்காரர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, சி.வி.யோடு இணையுங்கள்.