ஆப்பில் பம்ப் ரிப்பேர் புக் பண்ணும் பெங்களூர்க்காரர்கள் கவனத்துக்கு: 38,500 ரூபாய் போச்சு

ஆப்பின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஆப்களில் ஒன்று. அவ்வளவு தெரிந்தால் போதும். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பிரஷர் குறைந்தால் நாமே என்ன பார்க்கலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வீடு ஹொரமாவு பக்கம். கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். போர்வெல் தண்ணிதான். போர் மோட்டார் சம்ப்பை, அதாவது தரைத் தொட்டியை, நிரப்பும், சம்ப்பிலிருந்து அரை எச்பி பிரஷர் பம்ப் இழுத்து இரண்டு மாடிக்கும் தள்ளும். பம்ப்பை ஒட்டி நீல நிறத்தில் ஒரு பிரஷர் டேங்க் உண்டு. இந்த டேங்க்கை ஞாபகத்தில் வையுங்கள். வந்த ஆள் இதன் மேல் கையே வைக்கவில்லை.

ஷவரைத் திறந்தால் கொஞ்ச நேரம் பீய்ச்சும், அப்புறம் சொட்டும், மறுபடி பீய்ச்சும். பம்ப் டக் டக்கென்று ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகும். ராத்திரியில் மேல் வீட்டில் ஒரு சொம்பு தண்ணி பிடித்தால்கூடக் கீழே மோட்டார் முனகும். எப்போதும் வரும் பிளம்பர் அண்ணன் கோயில் திருவிழாவுக்குப் போளூர் போயிருந்தார். அதனால் ஆப். பரிசோதனைக் கட்டணம் 199 ரூபாய், ஆளுக்கு 4.8 ஸ்டார்.

வந்தவன் நல்ல மரியாதை. செருப்பை வாசலிலேயே விட்டான். அம்மா பேசுவதைக் கேட்டதும், "தமிழாம்மா? நான் கிருஷ்ணகிரி" என்றான். அம்மாவுக்குப் பிறந்த ஊர் ராயக்கோட்டை. பிறகென்ன, காபி வந்தது, தட்டில் முறுக்கு வந்தது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா விசாரிக்க, அவனும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பேச்சோடு பேச்சாக அம்மா 2024 கோடையை எடுத்தார். எதிர் வீட்டு போர் வற்றியது, டேங்கர்காரன் சொன்னதுதான் விலை என்று ஆனது, கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது, எல்லாம். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களுக்கு எதில் பயம் என்று அம்மா வாயிலிருந்தே எடுத்துக்கொண்டான்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க போர் இறங்கிட்டிருக்கு. அதான் பிரஷர் இல்ல."

சம்ப் நிறைந்திருக்கிறதே என்று கேட்டேன். "தண்ணியோட காத்து கலந்து வருது சார், அது சம்ப் வழியா பம்ப்புல ஏறுது" என்றான். சுத்தப் பொய். போரிலிருந்து காற்று வந்தாலும் திறந்த சம்ப்பிலேயே குமிழியாகப் போய்விடும். ஆனால் அவன் சொன்ன விதம் அப்படி, நிதானமாக, ஏதோ நமக்காக வருத்தப்படுகிற மாதிரி.

அடுத்துதான் அசல் வித்தை. "புது போர் போடணும்னா வாரியத்துல பெர்மிஷன், இந்த ஏரியாவுல 1,200 அடியாவது போகணும், நாலு லட்சம் ஆயிடும். இப்போதைக்கு ஒரு எச்பி பம்ப் மாத்திக்கிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல." அம்மா முகம் வெளுத்துவிட்டது. நாலு லட்சம் என்று கேட்ட காதுக்கு 38,500 ரூபாய் மலிவாகத்தானே கேட்கும்? முதலில் பெரிய தொகையைச் சொல்வதே இதற்காகத்தான். பம்ப், கண்ட்ரோலர், ஃபிட்டிங், கூலி என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டி, பழைய மோட்டாருக்கு எக்ஸ்சேஞ்ச் 1,500 கழித்து, 38,500. "ஆப்புல போட்டா கமிஷன் அது இதுன்னு ஏறும் சார், நேரா எனக்கே அனுப்புங்க, பில் வாட்ஸ்அப்ல வரும்" என்றான். யுபிஐயில் போனது 38,500. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மோட்டாரைப் பைக்கில் கட்டி எடுத்துப் போனான். பில் வரவே இல்லை.

ஷவர் அன்றைக்குச் சீறியது உண்மை. அவன் வண்டி தெருமுனை தாண்டியிருக்காது, டக் டக் மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட வேகமாக!

போன் செய்தால் "நாளைக்கு வரேண்ணா". மறுபடி செய்தால் "சர்ஜாபூர்ல வேலைல இருக்கேண்ணா". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கடைசியாக எடுத்தபோது கொஞ்சமும் கூசாமல், "போர் பிரச்சினைன்னு நான் அப்பவே சொன்னேனேண்ணா" என்றான்.

ஆப் பக்கம் இன்னும் அழகு. சாட்டில் ஒரு பாட் "உங்கள் சிரமம் புரிகிறது" என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறது. போனில் வந்த பெண் இந்தியில், 199 ரூபாய் வேலை முடிந்ததாகத்தான் கணக்கில் இருக்கிறது, 38,500 ரூபாய் எங்கள் வழியாக வரவில்லை, அந்த ஆள் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர்தான் என்றார். யாரை நம்பி வீட்டுக் கதவைத் திறந்தோம் அம்மணி, உங்கள் 4.8 ஸ்டாரைத்தானே? மேலதிகாரியைக் கேட்டால் லைன் கட். சமாதானத்துக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா, அடுத்த புக்கிங்குக்கு 100 ரூபாய் கூப்பன். 38,500 போனவனுக்கு 100 ரூபாய் கூப்பன்! நான் எழுதிய விமர்சனமும் காணாமல் போய்விட்டது.

போளூரிலிருந்து பிளம்பர் அண்ணன் வந்தார். புதுப் பம்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டேங்க்குக்குப் போய் அதன் தலையில் இருந்த கறுப்பு மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே சைக்கிள் டியூப் வால்வு மாதிரியே ஒன்று. ஊசியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணி பீய்ச்சியது. "பை கிழிஞ்சிருக்குப்பா" என்றார்.

அந்த டேங்க்குக்குள் ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணி, வெளியே காற்று. தண்ணியை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அந்தக் காற்றுதான் பம்ப் ஓடாத நேரத்திலும் குழாய்க்குத் தண்ணியைத் தள்ளுகிறது. பை கிழிந்து டேங்க் முழுக்கத் தண்ணி நிறைந்தால் தள்ள எதுவும் இல்லை. குழாயைத் திறந்ததும் பிரஷர் விழும், பம்ப் ஓடும், நொடியில் பிரஷர் ஏறும், பம்ப் நிற்கும். பெரிய பம்ப் போட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும், வேறொன்றும் ஆகாது. பை, கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். போருக்கு ஒரு குறையும் இல்லை. அதே மாடல் பம்ப்பைக் கடையில் விசாரித்தால் 14,000க்குள் சொல்கிறார்கள்.

சொன்னபடி பார்க்க வேண்டியவை, சுருக்கமாக. மோட்டார் ஸ்விட்ச்சை அணைத்து, குழாயைத் திறந்துவிட்டு, பம்ப்பில் இருக்கும் பிரஷர் கேஜின் முள் சைபருக்கு வரும்வரை தண்ணியை வடியுங்கள். பிறகு டேங்க்கின் கறுப்பு மூடியைக் கழற்றி வால்வில் டயர் கேஜ் வைத்துப் பாருங்கள். பம்ப் ஆன் ஆகும் பிரஷரைவிடக் காற்றின் பிரஷர் 2 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்வார்களே, அந்த அளவு) குறைவாக இருக்க வேண்டும், 20ல் ஆன் ஆனால் 18. காற்று குறைந்திருந்தால் சைக்கிள் பம்ப் போதும். தண்ணி வந்தால் பை போச்சு. ஃபில்டர் இருந்தால் அடைத்திருக்கிறதா பாருங்கள். டேங்க்கைத் தொடாமல் போரைப் பற்றிப் பேசுகிறவனை வாசலோடு அனுப்புங்கள். பழைய மோட்டாரைக் கொடுக்காதீர்கள். ஆப்புக்கு வெளியே பணம் வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எக்ஸ்சேஞ்ச் என்று உங்கள் வீட்டிலும் யாராவது பம்ப்பைத் தூக்கிப் போயிருந்தால் யுபிஐ ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போடுவோம்.